ஆயிரம் மணி நேரம் சம்பளமில்லாமல்: சமூகப்பணிப் படிப்பில் சமூகநீதி எங்கே?

ஆஸ்திரேலியாவில் சமூகப்பணியாளர் ஆக வேண்டும் என்றால் குறைந்தது 1,000 மணி நேரம் களப்பயிற்சி செய்தாக வேண்டும். ஆஸ்திரேலிய சமூகப்பணியாளர் சங்கம் வகுத்திருக்கும் விதி இது. நான்கு ஆண்டு இளங்கலையோ, இரண்டு ஆண்டு முதுகலையோ, எந்தப் பல்கலைக்கழகமாக இருந்தாலும் இந்த ஆயிரத்தைத் தாண்டாமல் பட்டம் கிடையாது. வழக்கமாக 500, 500 என்று இரண்டு கட்டமாகப் பிரித்திருப்பார்கள். வாரத்துக்கு 35 மணி நேரம் என்று வைத்தால் ஒவ்வொரு கட்டமும் 14 வாரத்துக்கு மேல் போகும். சம்பளம்? பெரும்பாலான இடங்களில் ஒரு டாலர்கூடக் கிடையாது.

நான் ஐ.டி.யில் வேலை பார்க்கிறவன். சிட்னியின் மேற்குப் பகுதியில் குடியிருக்கிறேன். சமூகப்பணிப் படிப்பைப் பற்றிப் பேச இவனுக்கு என்ன தகுதி என்று நீங்கள் கேட்கலாம். நியாயமான கேள்விதான். ஆனால் இந்தப் படிப்பில் யார் சேர்கிறார்கள், யார் பாதியில் விடுகிறார்கள் என்பது நம்ம வீட்டுப் பெரியவர்களை, பிள்ளைகளை நேரடியாகத் தொடுகிற விஷயம். அதனால்தான் எழுதுகிறேன்.

முதலில் ஒரு குழப்பத்தைத் தீர்த்துவிடலாம். 'சோஷியல் வொர்க்' என்றதும் நம்மில் பலருக்கு ஞாபகம் வருவது சமூக சேவை: ரத்த தான முகாம், வெள்ள நிவாரணம், ஞாயிற்றுக்கிழமை சாப்பாட்டுப் பொட்டலம். இங்கே நான் பேசுவது அதுவல்ல. மருத்துவமனையில் நோயாளியை வீட்டுக்கு அனுப்பும் முன் அவருக்கு வீட்டில் யார் இருக்கிறார்கள் என்று விசாரிப்பவர், குடும்ப வன்முறையிலிருந்து வெளியே வந்த பெண்ணுக்குப் பாதுகாப்புத் திட்டம் போடுபவர், ஒரு குழந்தையைப் பெற்றோரிடமே விடுவதா வேண்டாமா என்று அறிக்கை எழுதுபவர். இவர்கள்தான் சமூகப்பணியாளர்கள். அவர்கள் எழுதும் ஒரு பக்கம் ஒரு குடும்பத்தின் தலையெழுத்தையே மாற்றும். இது பட்டம் வாங்கிச் செய்யும் தொழில்.

வாரத்துக்கு 59 மணி நேரம்

என் நண்பர் ஒருவரின் மனைவி இங்கே முதுகலை சமூகப்பணி படிக்கிறார். ஊரில் பள்ளி ஆசிரியையாக இருந்தவர். நான்கு வயதில் ஒரு மகள். மாணவர் விசாவில் வந்தவர் என்பதால் முழுக் கட்டணம்; ஆண்டுக்கு முப்பதாயிரம் டாலருக்கு மேல். பிள்ளைப் பராமரிப்பு மானியமும் கிடையாது. திங்கள் முதல் வெள்ளி வரை ஒரு குடும்ப நல அமைப்பில் களப்பயிற்சி. மாலையிலும் சனி, ஞாயிறிலும் முதியோர் இல்லத்தில் வேலை.

மாணவர் விசாவில் இருப்பவர்கள் பாடக்காலத்தில் இரண்டு வாரத்துக்கு 48 மணி நேரம்தான் வேலை செய்யலாம். படிப்பின் கட்டாயப் பகுதியான களப்பயிற்சி அந்தக் கணக்கில் வராது. சட்டம் தாராளமாக இருக்கிற மாதிரித் தெரியும். கூட்டிப் பாருங்கள்: பயிற்சி 35, வேலை 24. வாரத்துக்கு 59 மணி நேரம். அதற்கு மேல் கட்டுரை எழுதணும், பிள்ளையைப் பார்க்கணும், சமைக்கணும்.

"காய்ச்சல்னு லீவு போட்டா அந்த நேரத்தைப் பின்னாடி திருப்பிச் செஞ்சு கொடுக்கணும் அண்ணா. ஆயிரத்துல ஒரு மணி நேரம் குறையக் கூடாது" என்றார் ஒருநாள். பயிற்சியில் அவர் செய்தது என்ன தெரியுமா? வாடகை பாக்கி விழுந்த குடும்பங்களுக்கு உதவித்தொகை விண்ணப்பம் நிரப்பிக் கொடுப்பது. அந்த மாதம் அவர்கள் வீட்டிலும் வாடகை இரண்டு வாரம் பாக்கி.

இவருக்கு மட்டும் வந்த கஷ்டம் இல்லை இது. ஆஸ்திரேலிய மாணவர்களே இதற்கு 'பயிற்சிக்கால வறுமை' என்று பேர் வைத்துப் போராடினார்கள். சமூகப்பணி மாணவர்களின் அனுபவங்களைத் திரட்டி 2023-இல் வெளிவந்த ஓர் ஆய்வுக் கட்டுரையின் தலைப்பே, இந்தச் சம்பளமில்லாப் பயிற்சி உன்னை ஏழையாக்குகிறது என்ற பொருளில் இருந்தது.

அரசு திறந்த பாதிக் கதவு

போராட்டத்துக்குப் பலன் இல்லாமல் போகவில்லை. உயர்கல்விச் சீர்திருத்தத்துக்காக அமைக்கப்பட்ட பல்கலைக்கழக உடன்பாட்டுக் குழு 2024 பிப்ரவரியில் வெளியிட்ட இறுதி அறிக்கையில், கட்டாயக் களப்பயிற்சிக்குப் பண உதவி வேண்டும் என்று பரிந்துரைத்தது. அந்த ஆண்டு மே மாதம் அரசு ஒரு திட்டத்தை அறிவித்தது. ஆசிரியர், செவிலியர், பேறுகாலச் செவிலியர், சமூகப்பணி ஆகிய படிப்புகளில் உள்ள மாணவர்களுக்குப் பயிற்சி நடக்கும் வாரங்களில் உதவித்தொகை. 2025 ஜூலை 1 முதல் அது நடைமுறைக்கு வந்தது. தொடங்கும்போது வாரத்துக்கு 331.65 டாலர், வரிக்கு முன்.

நல்ல விஷயம்தான். மனசாரப் பாராட்டலாம். ஆனால் பொறியியல் படித்தவனுக்குக் கணக்குப் போட்டுப் பார்க்காமல் இருக்க முடியாது. 331.65-ஐ 35 மணி நேரத்தால் வகுத்தால் மணிக்கு ஒன்பதரை டாலர் வருகிறது. அதே ஜூலையில் இந்த நாட்டின் குறைந்தபட்சக் கூலி மணிக்கு 24.95 டாலர் ஆனது. அதாவது உதவித்தொகை குறைந்தபட்சக் கூலியில் பாதிகூட இல்லை. ஆயிரம் மணி நேரத்தைக் குறைந்தபட்சக் கூலியில் பெருக்கினால் ஏறக்குறைய 25,000 டாலர். ஒரு மாணவர் இந்தப் பட்டத்துக்காக, கல்விக் கட்டணத்துக்கு மேல், விட்டுக்கொடுக்கும் தொகை அது.

இரண்டாவது சிக்கல், தகுதி. உதவித்தொகை வேண்டுமென்றால் அரசின் வருமான உதவி பெறுபவராக இருக்க வேண்டும். இல்லையென்றால் வாரத்துக்கு 15 மணி நேரத்துக்கு மேல் வேலை பார்த்து, குறிப்பிட்ட வரம்புக்குள் சம்பாதிப்பவராக இருக்க வேண்டும். கைக்குழந்தையோடு வீட்டில் இருந்து, கணவர் சம்பளத்தில் படிக்க வரும் ஒரு பெண் இந்த இரண்டிலும் அடங்காமல் போக வாய்ப்பு உண்டு.

மூன்றாவது சிக்கல்தான் நம்மைச் சேர்ந்தது. சர்வதேச மாணவர்களுக்கு இந்த உதவி கிடையாது. நண்பரின் மனைவிக்குக் கிடையாது. அவர் செய்யும் பயிற்சி அதே பயிற்சி. உட்காரும் மேசையும் அதே மேசை.

இவர்களைவிட மோசமான நிலையில் இன்னொரு கூட்டம் இருக்கிறது. படகில் வந்து, புகலிடக் கோரிக்கை நிராகரிக்கப்பட்டு, பத்து ஆண்டுக்கு மேலாக இடைக்கால விசாவிலேயே காலம் தள்ளும் குடும்பங்கள். அதில் நம் ஈழத் தமிழர்கள் பலர். அவர்களின் பிள்ளைகள் இங்கேயே பள்ளிக்கூடம் போய், இங்கேயே பன்னிரண்டாம் வகுப்பு முடித்திருப்பார்கள். கல்லூரி என்று வந்ததும் அவர்கள் வெளிநாட்டு மாணவர்! அரசு மானிய இடமும் இல்லை, கல்விக் கடனும் இல்லை. சில பல்கலைக்கழகங்கள் தரும் உதவித்தொகைதான் ஒரே வழி. அகதி வாழ்க்கை என்றால் என்ன என்று புத்தகம் படிக்காமலே தெரிந்த ஒரு பிள்ளை சமூகப்பணி படிக்க நினைத்தால் முதல் படியிலேயே தடுக்கி விழுகிறது.

கற்றுக்கொள்வதற்கு எதற்குச் சம்பளம்?

இதைப் பற்றிப் பேசும்போது ஒரு பதில் தவறாமல் வரும். "அவங்க படிக்கத்தானே போறாங்க, வேலைக்கா போறாங்க? படிக்கிறதுக்கு யாராவது சம்பளம் கொடுப்பாங்களா?"

கொடுப்பார்கள். இந்த நாட்டிலேயே கொடுக்கிறார்கள். எலெக்ட்ரீஷியனாகவோ பிளம்பராகவோ வர விரும்பும் பையன் அப்ரெண்டிஸாகச் சேர்ந்த நாள் முதல் சம்பளம் வாங்குகிறான். அவனும் கற்றுக்கொள்கிறவன்தான். எங்கள் துறையில் கோடை விடுமுறைக்கு வரும் பயிற்சி மாணவர்களுக்குப் பெரும்பாலும் சம்பளம் உண்டு. எங்கள் அலுவலகத்துக்கு வருகிறவர்கள் முதல் மாதம் கோடு எழுதுவதைவிட அதிகமாகக் கேள்விதான் கேட்பார்கள். அதற்கும் சம்பளம் உண்டு. நியூ சவுத் வேல்ஸ் மாநிலத்தில் போலீஸில் சேர ஆள் குறைந்தபோது, அகாடமியில் பயிலும் காலத்துக்கும் சம்பளம் தருவதாக மாநில அரசு 2023 அக்டோபரில் அறிவித்தது.

நடுராத்திரியில் ஒரு வீட்டில் அடிதடி. அங்கே முதலில் போவது போலீஸ். அடுத்த நாள் அந்தப் பெண்ணையும் பிள்ளைகளையும் பார்ப்பது சமூகப்பணியாளர். முதலாமவர் பயிற்சிக் காலத்தில் சம்பளம் வாங்கியவர். இரண்டாமவர் கடன் வாங்கியவர். ஒரே பிரச்சினைக்குப் போகும் இரண்டு பேருக்குள் இந்த வித்தியாசம் ஏன்?

காரணத்தைத் தேட வெகுதூரம் போக வேண்டாம். ஆஸ்திரேலியச் சமூகப்பணியாளர்களில் ஐந்தில் நான்கு பங்குக்கு மேல் பெண்கள். செவிலியர், ஆசிரியர் தொழிலிலும் பெண்கள்தான் அதிகம். பராமரிக்கும் வேலை என்றால் பெண்ணுக்கு அது இயல்பாக வருவது, அதற்கு எதற்குக் காசு என்கிற பழைய நினைப்பு எந்த நாட்டிலும் முழுசாகப் போய்விடவில்லை. நம்ம வீட்டுச் சமையலறையில் இருக்கும் அதே நினைப்புதான் இங்கே பல்கலைக்கழக விதியாக உட்கார்ந்திருக்கிறது.

"தெரிஞ்சுதானே வந்தாங்க" என்பது இன்னொரு பதில். தெரிந்துதான் வந்தார்கள். சமூகப்பணியாளர் என்பது திறன் விசாவுக்கான தொழில் பட்டியலில் இருக்கிறது. ஆள் தேவை என்று சொல்லித்தான் இந்த நாடு கூப்பிடுகிறது. கூப்பிட்டு, முழுக் கட்டணம் வாங்கி, ஆயிரம் மணி நேரம் சம்பளம் இல்லாமல் உழைக்கவும் வைத்துவிட்டு, தெரிந்துதானே வந்தாய் என்பது நியாயமா?

இடம் கொடுத்தால் மட்டும் போதுமா?

சமூகநீதி என்ற சொல் ஆங்கிலத்திலிருந்து நமக்குப் புதிதாக வந்த பாடம் இல்லை. இங்கே வளர்ந்த இளைய தலைமுறைக்காகக் கொஞ்சம் விளக்கமாகவே சொல்கிறேன். தமிழ்நாட்டில் பள்ளிக்கூடத்தைத் திறந்து வைத்தால் மட்டும் போதாது, பசியோடு வரும் பிள்ளைக்குச் சோறும் போட வேண்டும் என்று 1950-களிலேயே காமராஜர் ஆட்சியில் மதிய உணவுத் திட்டம் விரிவானது. 2020-இல் அரசுப் பள்ளி மாணவர்களுக்கு மருத்துவப் படிப்பில் 7.5 சதவீத உள்ஒதுக்கீடு வந்தது. தனியார் கல்லூரியில் இடம் கிடைத்த சில பிள்ளைகள், கட்டணம் கட்ட வழியில்லாமல் கிடைத்த இடத்தையே விட்டுவிட்டுப் போனார்கள். அப்புறம்தான் கட்டணத்தை அரசே ஏற்கும் என்ற அறிவிப்பு வந்தது.

எங்கள் குடும்பத்தில் நான்தான் முதல் பட்டதாரி. முதல் தலைமுறைப் பட்டதாரிகளுக்கான கட்டணச் சலுகை வந்த முதல் சில ஆண்டுகளில் கல்லூரியில் சேர்ந்தவன். அந்தச் சலுகை இல்லாமல் போயிருந்தால் என் அப்பா இன்னொரு கடன் வாங்கியிருப்பார். அல்லது நான் வேறு எதையாவது படித்திருப்பேன். இன்று சிட்னியில் உட்கார்ந்து இதை எழுத முடிகிறது என்றால், வாசலில் நின்றவனுக்கு உள்ளே வர வழிச்செலவும் கொடுத்த ஒரு சிந்தனைதான் காரணம்.

நம் அனுபவம் சொல்வது எளிமையானது. இடம் என்பது பாதி. அந்த இடத்தில் கடைசி வரை உட்கார வைப்பது மீதிப் பாதி.

ஆஸ்திரேலியச் சமூகப்பணியாளர் சங்கத்தின் நெறிமுறைக் கோவையில் சமூகநீதி அடிப்படை மதிப்புகளில் ஒன்று. 2014-இல் உலகளவில் ஏற்கப்பட்ட சமூகப்பணி வரையறையிலும் சமூகநீதி, மனித உரிமை, பன்முகத்தன்மைக்கு மரியாதை எல்லாம் மையத்தில் இருக்கின்றன. வகுப்பில் ஏற்றத்தாழ்வு எப்படி உருவாகிறது என்று பாடம் நடக்கிறது. அதே வகுப்பில் கடைசி வரிசையில் இருக்கும் பெண் ராத்திரி ஷிப்ட் முடித்துவிட்டுத் தூக்கத்தை அடக்கிக்கொண்டு உட்கார்ந்திருக்கிறார். பாடத்துக்கு உதாரணம் வெளியே தேட வேண்டியதில்லை.

கேட்டால் ஒவ்வொருவரும் அடுத்தவரைக் கைகாட்டுகிறார்கள். பல்கலைக்கழகம் சொல்கிறது, மணி நேரத்தை முடிவு செய்வது சங்கம். சங்கம் சொல்கிறது, தொழிலின் தரத்தைக் காக்க வேண்டும். பயிற்சி தரும் அமைப்புகள் சொல்கின்றன, எங்களுக்கே நிதி இல்லை. அரசு சொல்கிறது, நாங்கள்தான் உதவித்தொகை தருகிறோமே. நான்கு பேர் சொல்வதிலும் உண்மை இருக்கிறது. ஆனால் பாரம் முழுக்க, இந்த நால்வரில் எவரும் இல்லாத அந்த மாணவியின் தோளில் இறங்குகிறது.

நமக்கு என்ன நஷ்டம்?

2021 மக்கள்தொகைக் கணக்கெடுப்பின்படி ஆஸ்திரேலியாவில் வீட்டில் தமிழ் பேசுகிறவர்கள் சுமார் 95,000 பேர். அதில் பேரப்பிள்ளைகளைப் பார்க்க வந்து இங்கேயே தங்கிவிட்ட தாத்தா பாட்டிகள் இருக்கிறார்கள். போரில் பிள்ளையைப் பறிகொடுத்துவிட்டு வந்த அம்மாக்கள் இருக்கிறார்கள். மறதி நோய் வந்த பிறகு, கற்றுக்கொண்ட ஆங்கிலம் முழுக்க உதிர்ந்துபோய்த் தமிழ் மட்டும் மிச்சம் இருக்கும் பெரியவர்கள் இருக்கிறார்கள்.

மொழிபெயர்ப்பாளர் சேவை இருக்கிறதே என்பீர்கள். இருக்கிறது, அருமையான சேவை. ஆனால் ஒரு யாழ்ப்பாணத்து அம்மா "நெஞ்செல்லாம் அடைச்சுக்கொண்டு கிடக்கு" என்று சொன்னால், மொழிபெயர்த்து வருவது நெஞ்சடைப்பு, உடனே ஈ.சி.ஜி. எடுப்பார்கள். எடுக்கட்டும், தப்பில்லை. ஆனால் அதற்குப் பின்னால் இருக்கும் துக்கத்தைக் கேட்க, அடுத்த கேள்வியைச் சரியாகக் கேட்கத் தெரிந்தவர் வேண்டும். வீட்டில் அடி வாங்கும் ஒரு பெண், "மானம் போயிடும்" என்று வாயை மூடிக்கொள்ளும்போது, அந்த 'மானம்' எவ்வளவு கனமானது என்று தெரிந்தவர் எதிரே இருக்க வேண்டும். தமிழ் தெரிந்தாலே நல்ல சமூகப்பணியாளர் ஆகிவிடலாம் என்று நான் சொல்லவில்லை. அருமையாக வேலை செய்யும் ஆஸ்திரேலியர்களைப் பார்த்திருக்கிறேன். ஆனால் ஒரு தொழிலுக்குள் நுழைய ஆயிரம் மணி நேரச் சேமிப்பு வேண்டும் என்றால், சேமிப்பு உள்ளவர்கள்தான் அதிகம் நுழைவார்கள். வாடகை பாக்கி தெரிந்தவர், விசா பயம் தெரிந்தவர், முகாம் தெரிந்தவர் வெளியே நிற்பார். நஷ்டம் அவருக்கு மட்டும் இல்லை. நாளை அந்த மேசைக்கு எதிரே உட்காரப் போகும் நமக்கும்தான்.

என்ன செய்யலாம்?

அரசிடம் கேட்க வேண்டியது இரண்டு. உதவித்தொகையைக் குறைந்தபட்சக் கூலி அளவுக்கு உயர்த்த வேண்டும். விசா எதுவானாலும் அதே பயிற்சியைச் செய்யும் எல்லோருக்கும் கொடுக்க வேண்டும். குறைந்தபட்சம் இடைக்கால விசாவில் இருக்கும் பிள்ளைகளிடமிருந்து தொடங்கலாம். தேர்தல் வந்தால் நம் பொங்கல் விழா மேடைக்கு எம்.பி.க்கள் வேட்டி கட்டிக்கொண்டு வருகிறார்கள். பொன்னாடை போர்த்தும்போது இந்தக் கேள்வியையும் கையில் கொடுக்கலாமே.

பல்கலைக்கழகங்களும் சங்கமும் செய்யக்கூடியவை உண்டு. பகுதிநேரப் பயிற்சியைச் சலுகையாக வைக்காமல் வழக்கமாக்கலாம். முதியோர் இல்லத்தில், மாற்றுத்திறனாளிகள் பராமரிப்பில் ஆண்டுக்கணக்கில் வேலை செய்தவரின் அனுபவத்தைத் தாராளமாகக் கணக்கில் எடுக்கலாம். இந்தியாவில் முதுகலை சமூகப்பணியில் வாரத்துக்கு இரண்டு நாள் களப்பணி, மற்ற நாள் வகுப்பு என்று பிரித்து நடத்துவது நெடுநாள் பழக்கம். அப்படிப் பிரித்தால் வேலைக்கும் நேரம் கிடைக்கும்.

நாமும் கை கட்டிக்கொண்டு நிற்க வேண்டியதில்லை. நம் தமிழ்ச் சங்கங்களும் முதியோர் மன்றங்களும் தாங்களே களப்பயிற்சி இடங்களாக முடியும். உள்ளே தகுதி பெற்ற சமூகப்பணியாளர் இல்லாவிட்டால், வெளியிலிருந்து ஒருவர் மேற்பார்வை செய்ய வழி இருக்கிறது. நட்சத்திர இரவுக்கு ஆகும் செலவில் ஒரு சிறு பங்கை ஒதுக்கினால், ஆண்டுக்கு இரண்டு மாணவர்களின் பயிற்சிக்காலப் பயணச் செலவும் வாடகையில் ஒரு பகுதியும் தேறும். எங்களை மாதிரி ஐ.டி. ஆட்கள் மாதம் ஐம்பது டாலர் போட்டால் கையைக் கடிக்காது.

கடைசியாகப் பெற்றோருக்கு. இங்கே பிறந்து வளர்ந்து, ஆங்கிலமும் தமிழும் தெரிந்த உங்கள் மகளோ மகனோ ஒருநாள் "சோஷியல் வொர்க் படிக்கப் போறேன்" என்று சொல்லலாம். குடியுரிமை உள்ள அந்தப் பிள்ளைக்கு அரசு மானிய இடம் உண்டு, கல்விக் கடன் உண்டு, தகுதி இருந்தால் பயிற்சி உதவித்தொகையும் உண்டு. "அதுல என்னம்மா சம்பளம்?" என்று மடக்குவதற்கு முன்னால் ஒரு நிமிஷம் யோசியுங்கள். அதே படிப்பை இவை எதுவும் இல்லாமல், வாரத்துக்கு 59 மணி நேரம் உழைத்து முடிக்கத் துணிந்தவர்கள் பக்கத்துத் தெருவில் இருக்கிறார்கள். உங்கள் பிள்ளையைத் தடுக்காதீர்கள். பக்கத்துத் தெருவில் இருப்பவருக்காகக் குரல் கொடுங்கள். நாளைக்கு மருத்துவமனைக் கட்டிலில் நாம் படுத்திருக்கும்போது, "என்ன ஐயா, எப்படி இருக்கிறீங்க?" என்று கேட்டு நாற்காலியை இழுத்துப்போட்டு உட்காரப் போவது அவர்களில் ஒருவர்தான்.